காதலர் அமெரிக்கக் குடிமகன், நான் கோவையில். கல்யாணத்துக்கு முன் வருங்கால மனைவியாகப் போகும் கே-1 விசாவா, இங்கேயே கல்யாணம் முடித்துவிட்டு மனைவி விசாவா?

அவசரம் இல்லையென்றால் மனைவி விசா, அதாவது சிஆர்-1. காரணம் எளிது: அமெரிக்காவில் இறங்கும்போதே நீங்கள் நிரந்தரக் குடியிருப்பாளர், வேலைக்கும் போகலாம். கே-1-இல் போனால் 90 நாளுக்குள் அவரையே மணந்து, அப்புறம் கிரீன் கார்டுக்குத் தனியாக விண்ணப்பித்து, வேலை அனுமதி வரும்வரை வீட்டில் உட்கார வேண்டும். கட்டணமும் இரண்டு தடவை.

கே-1 கேட்பதென்றால், மனு போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோ கால் கணக்கில் வராது. நம் ஊரில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நிச்சயதார்த்தம் செய்தால் பரவாயில்லை. "வீட்டுத் திருப்திக்காக" தாலி கட்டி போட்டோ எடுத்துவிட்டால், ஏற்கெனவே மணமானவர்கள் என்று சொல்லி கே-1-ஐ மறுக்க வாய்ப்புண்டு. மனைவி விசாவுக்கோ அந்தப் போட்டோ போதாது, பதிவுச் சான்றிதழ் வேண்டும்.

அவர் வேறு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிய வேண்டியிருக்கும். 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. அவருடைய விடுமுறையை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். மணமாகி 2 ஆண்டு ஆவதற்குள் அங்கே நுழைந்தால் கிடைப்பது 2 ஆண்டு மட்டும் செல்லும் நிபந்தனை கிரீன் கார்டுதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளில், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவம் போட மறக்காதீர்கள்.