சிட்டிங் உறுப்பினரை மறுபடி ஜெயிக்க வைக்க, ஓட்டுரிமை இல்லாதவர் என்ன செய்யலாம்?

கேள்வி: நியூயார்க், குயின்ஸில் பல வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் மாநில அசெம்ப்ளி உறுப்பினர் ஜனநாயகக் கட்சியின் முற்போக்கு அணியைச் சேர்ந்தவர். போன குளிர்காலத்தில் எங்கள் கட்டடத்தில் ஹீட்டிங் நின்றபோது அவருடைய அலுவலகம்தான் விடாமல் பேசிச் சரிசெய்து கொடுத்தது. அடுத்த தேர்தலில் அதே கட்சியிலிருந்து ஒருவர் அவரை எதிர்த்து நிற்கப் போகிறாராம். எதிர்த்து நிற்பவர் பக்கம் பணம் அதிகம் என்கிறார்கள். நான் கிரீன் கார்டு. மனைவி போன வருடம் சிட்டிசன் ஆனார். கூட இருக்கும் தம்பி எச்-1பி. மாமியாரும் சிட்டிசன்தான், ஆனால் ஆங்கிலம் படிக்க வராது. நாங்கள் நான்கு பேரும் என்ன செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது?

பதில்: முதலில் நவம்பரை மறந்துவிடுங்கள். குயின்ஸின் பெரும்பாலான தொகுதிகள் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அங்கே யார் உறுப்பினர் என்பது ஜூன் மாதத்தின் நான்காவது செவ்வாய்க்கிழமை நடக்கும் பிரைமரியிலேயே, அதாவது உட்கட்சித் தேர்தலிலேயே, முடிவாகிவிடுகிறது. மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையான அசெம்ப்ளியின் 150 இடங்களுக்கும் பதவிக்காலம் இரண்டே வருடம் என்பதால் இரட்டைப்படை ஆண்டுதோறும் இந்தப் பரீட்சை உண்டு. ஒரு தொகுதியில் சுமார் 1,35,000 பேர் வசித்தாலும் பிரைமரிக்கு வந்து ஓட்டுப் போடுபவர்கள் பல இடங்களில் சில ஆயிரம் பேர்தான். எனவே சில நூறு ஓட்டு எல்லாவற்றையும் புரட்டிவிடும். 2020-இல் அஸ்டோரியாவில் சோரான் மம்தானி, சிட்டிங் உறுப்பினர் அரவெல்லா சிமோடஸைச் சில நூறு ஓட்டில் தோற்கடித்துத்தான் அசெம்ப்ளிக்குள் நுழைந்தார். அதே ஆண்டு புரூக்ளினில் 1973 முதல் அசைக்க முடியாமல் இருந்த ஜோசப் லெண்டால், தபால் ஓட்டுகளை எண்ணி முடித்தபோது எமிலி கேலகரிடம் தோற்றிருந்தார்.

இந்த இரண்டிலும் ஜெயித்தது முற்போக்கு அணிதான். ஆனால் உங்கள் உறுப்பினர் படிக்க வேண்டிய பாடம் தோற்றவர்களிடம் இருக்கிறது. சிட்டிங் உறுப்பினரின் முதல் எதிரி, "அவங்க எப்படியும் ஜெயிச்சிடுவாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிடும் சொந்த ஆதரவாளர். எதிராளியின் பணம் அதற்கு அடுத்துத்தான். 2018-இல் மாநில செனட்டில் குடியரசுக் கட்சியோடு கைகோத்திருந்த எட்டு ஜனநாயகக் கட்சிக்காரர்களில் ஆறு பேர் பிரைமரியில் வீழ்ந்தார்கள். அவர்களுடைய தலைவர் ஜெஃப் கிளைன் பணத்தைக் கொட்டியும் தப்பவில்லை.

இன்னொரு சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. மாநிலத் தலைநகர் ஆல்பனியில் சட்டமன்றக் கூட்டத்தொடர் ஜனவரியில் தொடங்கி ஜூன் தொடக்கம் வரை ஓடும். பட்ஜெட்டுக்குக் கெடு ஏப்ரல் 1. அது தாண்டிப் போவது அங்கே வாடிக்கை. ஆக, வேட்பு மனுவுக்குக் கையெழுத்து வாங்க வேண்டிய காலம், வீடு வீடாகப் போக வேண்டிய காலம் எல்லாவற்றிலும் உங்கள் உறுப்பினர் வாரத்தில் பாதி நாள் ஆல்பனியில் இருப்பார். எதிராளிக்கோ அந்த வேலை கிடையாது. தினமும் சப்வே வாசலில் நின்று கை குலுக்கலாம். உறுப்பினர் இல்லாத நாட்களில் தெருவில் அவருக்காக யார் நிற்கிறார்கள் என்பதுதான் மறுதேர்வின் மையக் கேள்வி. நீங்கள் உதவ முடிவது அங்கேதான்.

சரி, ஆளாளுக்குப் பார்ப்போம்.

உங்கள் மனைவியின் ஓட்டுதான் வீட்டிலேயே மதிப்பு மிக்கது. அது செல்லாமல் போகக்கூடிய ஒரு வழியும் உண்டு. நம்மவர்கள் பலர் குடியுரிமை கிடைத்த கையோடு வாக்காளர் படிவத்தை நிரப்புவார்கள். கட்சி கேட்கும் கட்டம் வந்ததும், "எதற்கு வம்பு" என்று எந்தக் கட்சியும் வேண்டாம் என்பதை டிக் செய்துவிடுவார்கள். நியூயார்க்கில் பிரைமரி கட்சிக்காரர்களுக்கு மட்டும்தான். அப்படிப் பதிந்தவருக்கு ஜூனில் ஓட்டே கிடையாது. ஏற்கெனவே பதிந்தவர் கட்சியை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் பிப்ரவரி 14. அதற்குப் பிறகு வரும் மாற்றம் பிரைமரி முடியும் வரை கிடப்பில் இருக்கும். புதிதாகப் பதிபவருக்கு மட்டும் தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு வரை அவகாசம் உண்டு. மாநிலத் தேர்தல் வாரியத்தின் இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு போட்டால் எந்தக் கட்சி என்று காட்டிவிடும். உங்களுக்குத் தெரிந்த சிட்டிசன் குடும்பங்களிலும் இதை விசாரியுங்கள். பிப்ரவரிக்கு முன்பு நீங்கள் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து வேறில்லை.

நீங்கள் கிரீன் கார்டு என்பதால் வாக்காளராகப் பதியவே கூடாது. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போகும்போது அந்தப் படிவத்திலேயே வாக்காளர் பதிவுப் பகுதியும் வரும். அவசரத்தில் டிக் செய்துவிடாதீர்கள். சிட்டிசன் என்று தவறாகச் சொல்வது நாடு கடத்தல் வரை கொண்டுபோய்விடும். குடியுரிமை இல்லாதவர்களும் ஓட்டுப் போடலாம் என்று நகரம் ஒரு சட்டம் கொண்டுவந்ததே என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். அது நகரப் பதவிகளுக்கு மட்டுமானது. அதையும் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது.

அடுத்தது வேட்பு மனு. நம் ஊரில் டெபாசிட் கட்டுவது போல இங்கே இல்லை. அசெம்ப்ளிக்கு நிற்பவர் தொகுதிக்குள் இருக்கும் தன் கட்சி வாக்காளர்கள் 500 பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இது பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, குளிரில் விரல் விறைக்கும் காலத்தில் நடக்கும். ஜனநாயகக் கட்சியின் மனுத்தாள் பச்சை நிறத்தில் இருக்கும். 500 தேவை என்றால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். காரணம், எதிராளியின் வக்கீல் ஒவ்வொரு வரியாகப் பார்த்து அடிப்பார்: இவர் வேறு தொகுதி, இவர் கட்சியில் இல்லை, இவர் எங்கள் மனுவில் முன்பே கையெழுத்துப் போட்டவர் என்று. ஒரு பதவிக்கு ஒருவர் ஒரு மனுவில்தான் கையெழுத்துப் போடலாம். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று மனைவி சேர்த்துப் போட்டுக் கொடுத்தால் அந்த வரி காலி. தாளை எடுத்துப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போடுபவரும் அதே கட்சியில் பதிந்த வாக்காளராக இருக்க வேண்டும் என்பதால் இது உங்களுக்கோ தம்பிக்கோ ஆன வேலை இல்லை. மனைவி போகலாம்; நீங்கள் கூடப் போய்க் கதவைத் தட்டி, குடை பிடித்து, பேச்சுக் கொடுக்கலாம்.

பண விஷயம் நம்மவர்கள் பெரும்பாலும் கேள்விப்படாதது. 2024 தேர்தல் முதல் நியூயார்க் மாநிலத்தில், திட்டத்தில் சேர்ந்த வேட்பாளர்களுக்குத் தொகுதிவாசிகள் தரும் சிறு நன்கொடைக்கு அரசே மேல்பணம் தருகிறது. முதல் 50 டாலருக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அடுத்த 100-க்கு ஒன்பது, அதற்கடுத்த 100-க்கு எட்டு மடங்கு. ஆக 50 டாலர் கொடுத்தால் வேட்பாளர் கையில் 650. 250 கொடுத்தால் 2,550. அதற்கு மேல் ஒரு டாலர் கூடினாலும் மேல்பணம் மொத்தமாகப் போய்விடும். 300 டாலர் தாராளம் 250-ஐ விட நஷ்டம். அசெம்ப்ளி வேட்பாளருக்கு இந்தக் கதவு திறக்கத் தொகுதிக்குள்ளிருந்து 75 பேரும் மொத்தம் 6,000 டாலரும் வேண்டும். அதனால் பணக்கார எதிராளியைப் பார்த்துப் பயப்படுவதைவிட, உங்கள் கட்டடத்தில் ஆளுக்குப் பத்து டாலர் தரக்கூடிய ஐந்து பேரைப் பிடிப்பது மேல். பெயர் தெரியாத வெளி அமைப்புகள் தனியே செலவழிக்கும் பணத்துக்கு உச்சவரம்பு இல்லை என்பது உண்மைதான். அதற்கு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, விடுங்கள்.

கிரீன் கார்டு உள்ளவர் நன்கொடை தரலாம். தம்பி ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. விசாவில் இருப்பவர் நாட்டின் எந்தத் தேர்தலிலும், உள்ளூர்த் தேர்தல் உட்பட, பணம் தர மத்திய சட்டத்தில் தடை இருக்கிறது. அவர் பணத்தை உங்களிடம் கொடுத்து உங்கள் பெயரில் போடுவது அதைவிடப் பெரிய குற்றம். உங்கள் வீட்டில் ஆதரவாளர் கூட்டம் வைத்தால் பிரியாணிச் செலவைத் தம்பி ஏற்கக் கூடாது, அதுவும் நன்கொடைதான். சம்பளம் இல்லாத தொண்டராக அவர் போன் பேசலாம், கதவு தட்டலாம். எங்கே செலவழிப்பது, என்ன உத்தி என்று முடிவெடுக்கும் பேச்சில் மட்டும் உட்காரக் கூடாது. என் சொந்த அபிப்பிராயம்: கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர் போன் பேசுவதோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி. சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் தேவையில்லாத தலைவலி எதற்கு?

இப்போது கதவு தட்டும் வேலை. இதற்குக் குடியுரிமை தேவையில்லை. நீங்கள் முழு மூச்சாக இறங்க வேண்டிய இடம் இது. பிரசாரக் குழு உங்கள் போனில் மினிவான் என்ற செயலியைப் போடச் சொல்லும். அதில் ஒரு கட்டடத்தைத் திறந்தால் 3-பி, 3-இ, 4-ஏ என்று கட்சி வாக்காளர் இருக்கும் வீடுகள் மட்டும் பெயர், வயதோடு வரும். எல்லாக் கதவையும் தட்ட வேண்டாம். பேசி முடித்ததும் ஒன்று முதல் ஐந்து வரை குறிக்க வேண்டும்: ஒன்று என்றால் உறுதியான ஆதரவு, ஐந்து என்றால் உறுதியான எதிர்ப்பு. புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, சிரித்துப் பேசியவரையெல்லாம் ஒன்று என்று போட்டுவிடுவது. "நல்லவங்கதான், பார்க்கலாம்" என்றவர் மூன்று. அவரை ஒன்று என்று எழுதினால் பிறகு அவரைச் சமாதானப்படுத்த யாரும் திரும்பப் போக மாட்டார்கள். ஆள் இல்லாவிட்டால் துண்டறிக்கையைக் கதவிடுக்கில் வையுங்கள். தபால் பெட்டிக்குள் போட்டால் மத்தியச் சட்டப்படி குற்றம்.

என்ன பேசுவது? 'முற்போக்கு' என்ற சொல்லைக் கதவருகில் எடுக்கவே வேண்டாம் என்பேன். அதைக் கேட்டுப் பாதிப் பேர் சந்தோஷப்படுவார்கள், மீதிப் பேர் கதவைச் சாத்துவார்கள். இரண்டாலும் ஓட்டு கூடாது. சிட்டிங் உறுப்பினருக்கு மட்டுமே இருக்கும் சொத்து, செய்த வேலை. உங்கள் ஹீட்டிங் கதையைத் தேதியோடு, கட்டட முகவரியோடு சொல்லுங்கள். அப்புறம் சட்டம். காரணமில்லாமல் வாடகைதாரரை வெளியேற்றுவதையும் கண்டபடி வாடகை ஏற்றுவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் 2024 பட்ஜெட்டோடு வந்தது. அதில் அவர் என்ன நிலை எடுத்தார் என்று குழுவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள். நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை கிடைத்ததும் 2023-இல் ஆல்பனியில் நிறைவேறிய சட்டத்தால்தான். மாநிலச் சட்டமன்றம் என்ன செய்கிறது என்று கேட்கும் நம்மவருக்கு இது சட்டெனப் புரியும். உங்கள் உறுப்பினர் செய்யாத காரியத்தை மட்டும் அவர் தலையில் கட்டாதீர்கள். எதிராளி அதற்காகத்தான் காத்திருப்பார். "ஒருமுறைகூடப் போனை எடுக்கலையே" என்று யாராவது குறை சொன்னால் வாதாடாமல் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு அவரே போனில் பேசினால் அது ஓட்டாக மாற வாய்ப்பு உண்டு.

பிரசாரத்துக்காக அவருடைய தொகுதி அலுவலகத்துக்குப் போன் செய்யாதீர்கள். அது அரசுச் செலவில் நடப்பது. அங்கே தேர்தல் வேலை பேசக் கூடாது. பிரசாரக் குழுவுக்குத் தனி எண், தனி மின்னஞ்சல் இருக்கும். அதேபோல் தமிழ்ச் சங்கம் 501(சி)(3) என்ற வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பாகப் பதிவாகியிருந்தால் அதன் மேடையையோ மின்னஞ்சல் பட்டியலையோ வாட்ஸ்அப் குழுவையோ ஒரு வேட்பாளருக்காகப் பயன்படுத்தக் கூடாது. வரிவிலக்குக்கே ஆபத்து. கட்சி சாராமல் வாக்காளர் பதிவு முகாம் வைக்கலாம்.

மாமியார் ஓட்டு எளிது. குயின்ஸில் இந்திய மொழிகளில் வங்காளத்தில் ஓட்டுச்சீட்டு உண்டு, தமிழில் இல்லை. ஆனால் படிக்க இயலாத வாக்காளர் தமக்கு விருப்பமான ஒருவரைக் கூட அழைத்துப் போகலாம் என்று 1965 வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு சொல்கிறது. முதலாளியோ அவருடைய ஆளோ, தொழிற்சங்க நிர்வாகியோ பிரதிநிதியோ வரக் கூடாது. மற்றபடி நீங்களே போகலாம். உதவியாளருக்குக் குடியுரிமை தேவையில்லை. வாக்குச்சாவடியைச் சுற்றி 100 அடிக்குள் வேட்பாளர் பெயர் போட்ட சட்டை, பேட்ஜ் எதுவும் வேண்டாம். கூட்டத்துக்குப் பயந்தால் தேர்தலுக்கு முந்தைய ஒன்பது நாள் முன்கூட்டிய வாக்குப்பதிவில் போடலாம், அல்லது தபாலில் போடலாம். மேயர் பிரைமரியில் ஐந்து பேரை வரிசைப்படுத்திப் போட்ட பழக்கத்தில் குழம்ப வேண்டாம். மாநிலத் தேர்தலில் ஒருவருக்குத்தான் ஓட்டு, அதிகம் வாங்கியவரே ஜெயித்தவர்.

ஜூனைத் தாண்டிவிட்டால் நவம்பரில் உங்கள் உறுப்பினர் பெயர் ஓட்டுச்சீட்டில் இரண்டு இடத்தில் வரக்கூடும். ஜனநாயகக் கட்சி வரிசையில் ஒன்று, உழைக்கும் குடும்பங்கள் கட்சி ஆதரித்தால் அந்த வரிசையில் இன்னொன்று. எதில் போட்டாலும் அவர் கணக்கில்தான் சேரும். அந்தச் சிறிய கட்சி நிலைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அதில் போடுவார்கள். இரண்டிலும் நிரப்பினால் ஒரே ஓட்டாக முதல் வரிசையில் எண்ணுவார்கள். மாமியாருக்கு ஒன்றை மட்டும் நிரப்பச் சொல்லிக் கொடுங்கள்.