இன்னும் பெரிய சவுரி

வணக்கம் சார்,

நியூஜெர்சிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. நல்ல ஏரியா, நல்ல ஸ்கூல், குறையொன்றும் இல்லை. ஒன்பதாவது படிக்கும் என் மகள் போன மாதம் ஒரு பார்ட்டிக்காகக் கார்ன்ரோ பின்னிக்கொண்டாள். அதுதான், கறுப்பினப் பெண்கள் மண்டையோடு ஒட்டி வரிவரியாகப் போட்டுக்கொள்வார்களே, அது. அவளுடைய நெருங்கிய தோழி ஒரு கறுப்பினப் பெண். பார்த்ததும் முகம் மாறிவிட்டது, இரண்டு நாள் பேசவில்லை. இன்னொருத்தி 'கலாச்சாரத் திருட்டு' என்றே சொல்லிவிட்டாளாம். வீட்டில் ஒரே அழுகை. வெள்ளைக்காரப் பெண் புடவை கட்டிப் பொட்டு வைத்தால் நாம் சந்தோஷப்பட்டு செல்ஃபி எடுப்பதில்லையா? கலை எல்லாருக்கும் பொது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெறும் முடிக்கு ஏன் சார் இவ்வளவு கோபம்?

ர.

அன்புள்ள ர.,

எழுதியது நான்தான், வாபஸ் வாங்குகிற உத்தேசமும் இல்லை. கொடுக்கல் வாங்கல் இல்லாமல் எந்த ஊர் இசையும் சமையலும் வளர்ந்ததில்லை. ஒன்பதாவது படிக்கிற பெண்ணைத் திருடி என்பது அநியாயம்தான். ஆனால் அந்தத் தோழியின் முகம் ஏன் மாறியது என்று தெரிய வேண்டுமானால், நீங்கள் எழுதிய 'வெறும் முடி'யிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ரெனே ராஜர்ஸ் என்று ஒரு கறுப்பினப் பெண்மணி. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் பதினோரு வருட சர்வீஸ். உங்கள் மகள் போட்டுக்கொண்ட அதே பின்னலோடு வேலைக்குப் போனார், கூடாது என்றது நிர்வாகம். வழக்குப் போட்டார். 1981இல் நியூயார்க்கில் இருக்கும் கூட்டாட்சி நீதிமன்றம் அவருடைய வாதத்தைத் தள்ளிவிட்டது. பின்னலை அவிழ்க்க வேண்டாம், வேலை நேரத்தில் கொண்டை போட்டு மேலே சவுரி வைத்து மறைத்துக்கொள் என்பது நிர்வாகத்தின் சலுகை. வைத்துப் பார்த்தேன், தலைவலி தாங்கவில்லை என்று அவர் சொன்னதற்கு, அப்படியானால் இன்னும் பெரிய சவுரியாக வைத்துக்கொள்ளலாமே என்கிற மாதிரி தீர்ப்பிலேயே ஒரு வரி வருகிறது. (திருப்பதியில் நம் பெண்கள் காணிக்கையாகக் கொடுக்கிற நீள முடி ஏலத்தில் போய், அதில் ஒரு பங்கு அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் தலைக்கு ஒட்டுமுடியாகப் போய்ச் சேருகிறது. அது தனிக்கதை.)

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. 1979இல் போ டெரெக் என்கிற வெள்ளைக்கார நடிகை ஒரு படத்தில் மணி கோத்த கார்ன்ரோவோடு கடற்கரையில் ஓடி வந்தார், ஊரே அந்தப் பின்னலுக்குப் பைத்தியம் பிடித்து அலைந்தது. அந்தப் படத்துக்குப் பிறகுதானே ராஜர்ஸ் இப்படிப் பின்னி வந்தார், இது எப்படி அவர் இனத்தின் அடையாளமாகும் என்கிற வாதத்தை நீதிமன்றமும் எடுத்துக்கொண்டது. பாட்டி அம்மாவுக்கும் அம்மா தனக்கும், ஞாயிற்றுக்கிழமை முழங்கால் நடுவே உட்கார வைத்து மணிக்கணக்காகப் பின்னிவிட்ட முடி, ஒரு நடிகையைப் பார்த்துக் காப்பியடித்ததாகிவிட்டது. கோபம் இங்கேதான் இருக்கிறது. ஒருத்தி போட்டால் ஃபேஷன், இன்னொருத்தி போட்டால் வேலைக்கு லாயக்கில்லை. யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்பதெல்லாம் அப்புறம்தான்.

பழைய கதை என்பீர்கள். சரி, உங்கள் மாநிலத்துக்கே வருவோம். 2018 டிசம்பரில் நியூஜெர்சியில் பள்ளி மல்யுத்தப் போட்டி. பதினாறு வயதுக் கறுப்பினப் பையன் சடைசடையாக முடி வைத்திருந்தான். வெட்டினால் போட்டி, இல்லாவிட்டால் தோற்றதாக அர்த்தம் என்றார் வெள்ளைக்கார நடுவர். அரங்கத்தின் ஓரத்தில் நிற்க வைத்து, எல்லாரும் பார்க்க, ஒரு பெண்மணி கத்தரிக்கோலால் கொத்துக்கொத்தாக வெட்டுகிற வீடியோ அப்போது எல்லா இடத்திலும் சுற்றியது. பையன் ஜெயித்தான். நடுவர் அவன் கையைத் தூக்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள், ஜெயித்தவன் முகமா அது? முடியைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு பார்க்கக் கூடாது என்று சட்டம் வர இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. முதலில் கலிஃபோர்னியா, பிறகு நியூயார்க், 2019 டிசம்பரில் உங்கள் நியூஜெர்சி. மகளின் தோழி அந்த வீடியோவைக் கட்டாயம் பார்த்திருப்பாள்.

பொட்டுக்கு வருகிறேன். நமக்குச் சந்தோஷம், உண்மைதான். அது நம் ஊரில் வைத்த பொட்டு, அதற்காக நம்மை யாரும் அடித்ததில்லை. 1987இல் ஜெர்சி சிட்டியில் ஒரு கும்பல் 'டாட்பஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு, இந்தியர்களை ஊரைவிட்டே துரத்துவோம் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதமே எழுதியது. டாட் என்றால் பொட்டுதான். அந்த வருடமே பக்கத்து ஹோபோக்கனில் நவ்ரோஸ் மோடி என்கிற இந்தியரை இளைஞர் கூட்டம் ஒன்று அடித்துப் போட்டு, அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த நாட்களில் வெளியே கிளம்பும்போது பொட்டை அழித்துவிட்டுப் போன ஒரு அக்காவிடம், பத்து வருடம் கழித்து ஒரு பாப் பாடகி பொட்டு வைத்து அது டிரெண்டானபோது எப்படி இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள். செல்ஃபி எடுத்திருக்க மாட்டார்.

பின்னலை அவிழ்க்கச் சொல்வதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன், அது இரண்டு பெண்களுக்கும் நடுவில். மன்னிப்புக் கடிதமெல்லாம் வேண்டாம். உனக்கு யார் தலை பின்னிவிடுவார்கள், எவ்வளவு நேரமாகும், ஸ்கூலில் யாராவது ஏதாவது சொன்னதுண்டா என்று உங்கள் மகள் கேட்டிருக்கிறாளா? நெருங்கிய தோழி என்கிறீர்கள், கேட்டிருக்கலாம்.

அப்புறம், கடிதத்தில் 'நல்ல ஏரியா' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தெருவில் கறுப்பினக் குடும்பம் எத்தனை என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.