மின் நிறுவனப் பங்கு வாங்கும் முன்: டிவிடெண்டுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. தேயிலைத் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றதில் ₹12 லட்சம் கையில் இருக்கிறது. பச்சைத் தேயிலை விலையை நம்பிக் காலம் தள்ளியது போதும் என்று தோன்றுகிறது. கரன்ட் கம்பெனி ஷேர் வாங்கிப் போட்டால் வருடா வருடம் டிவிடெண்ட் வரும், நஷ்டமே வராது என்கிறார் உறவினர் ஒருவர். பைக்காரா, குந்தா மின்நிலையங்களில் பங்கு வாங்க முடியுமா? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: பைக்காராவும் குந்தாவும் மாநில அரசின் மின் கழகத்துக்குச் சொந்தம். அந்தக் கழகம் பங்குச்சந்தையில் இல்லை. மாநில அரசின் நிதி நிறுவனமான தமிழ்நாடு பவர் ஃபைனான்ஸில் பலர் பணம் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். அது டெபாசிட், பங்கு அல்ல. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் ₹5 லட்சம் காப்பீடும் அதற்குக் கிடையாது. சந்தையில் வாங்கக்கூடியவை பவர் கிரிட் (மின்பாதை), என்டிபிசி (பெரும்பாலும் அனல்மின்), என்எச்பிசி (பெரும்பாலும் நீர்மின்), நெய்வேலி என்எல்சி போன்ற மத்திய அரசு நிறுவனங்கள். இவற்றின் கட்டணத்தில் பெரும்பகுதியை நிர்ணயிப்பது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

உறவினர் சொன்னதில் பாதி உண்மை. ஒரு மின்பாதைக்கு ₹1,000 கோடி செலவானால், அதில் 70 சதவிகிதம் கடன், 30 சதவிகிதம் சொந்த மூலதனம் என்று ஆணையம் எடுத்துக்கொள்கிறது. வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் கட்டணத்தில் வசூலாகிவிடும். சொந்த மூலதனமான ₹300 கோடிக்கு, வரி போக ஆண்டுக்கு 15.5%, அதாவது ₹46.5 கோடி லாபம் அனுமதிக்கப்படும். 2024 ஏப்ரலுக்குப் பின் இயங்கத் தொடங்கும் மின்பாதைகளுக்கு இது 15% ஆகக் குறைந்துவிட்டது. எவ்வளவு மின்சாரம் போனது என்று பார்ப்பதில்லை. பாதை தயாராக இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். அனல்மின் நிலையம் பொதுவாக 85% நேரம் தயாராக இருந்தால் நிலைக்கட்டணம் (விற்ற யூனிட்டைப் பொறுத்து மாறாத கட்டணம்) முழுதாகக் கிடைக்கும். நீர்மின் நிலையம் அப்படியல்ல. அதன் ஆண்டுக் கட்டணத்தில் பாதி, உற்பத்தியான யூனிட்டோடு கட்டப்பட்டது. மழை பொய்த்து அவலாஞ்சியும் அப்பர் பவானியும் வற்றும் ஆண்டுகளைப் பார்த்த உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

மீதிப் பாதி, நீங்கள் கொடுக்கும் விலையில் இருக்கிறது. 15.5% கிடைப்பது நிறுவனத்தின் மூலதனத்துக்கு. நீங்கள் சந்தையில் கொடுத்த பணத்துக்கு அல்ல. ஒரு பங்கின் புத்தக மதிப்பு (நிறுவனத்தின் சொந்த மூலதனத்தில் ஒரு பங்குக்கு உரிய அளவு) ₹100, லாபம் ₹15.50, அதில் 60 சதவிகிதம் டிவிடெண்ட் என்று வையுங்கள். கைக்கு வருவது ₹9.30. அந்தப் பங்கை ₹200க்கு வாங்கினால் உங்கள் வருமானம் 4.65%. ₹300க்கு வாங்கினால் 3.1% மட்டுமே. மிச்சம் பிடித்த ₹6.20 புது மின்பாதைகளில் போய், அங்கும் இதே லாபம் அனுமதிக்கப்பட்டால், டிவிடெண்ட் ஆண்டுக்கு 6.2% வளரும். பழைய பாதைகளால் வளர்ச்சி வராது. கடன் அடைய அடைய வட்டி குறையும், அந்தப் பலன் மின்சாரம் வாங்குவோருக்கே போகும், ₹46.5 கோடி அப்படியே நிற்கும். (நிஜக் கணக்கில் லாப விகிதம் சற்றுக் கூடும், குறையும். ஊக்கத்தொகை கூட்டும், இன்னும் கட்டி முடியாத பணிகளில் முடங்கிய பணம் குறைக்கும்.)

உங்கள் ₹12 லட்சத்தை புத்தக மதிப்பைப் போல இரு மடங்கு விலையில் போட்டால் முதல் ஆண்டு ₹55,800 வரும். 60 வயதைக் கடந்தவர் என்றால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2% வட்டியில் (2025இல் இருந்த விகிதம்) ₹98,400, காலாண்டுக்கு ₹24,600 வரும். 6.2% வளர்ச்சி தடையில்லாமல் தொடர்ந்தாலும் டிவிடெண்ட் அந்தத் தொகையை எட்ட ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால் வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தபால் ஆபீசில் போடுங்கள். ஐந்தாறு ஆண்டுக்குத் தொடத் தேவையில்லாத ₹3 அல்லது ₹4 லட்சத்தை மட்டும் பங்குக்கு ஒதுக்குங்கள், அதையும் இரண்டு மூன்று நிறுவனங்களில் பிரித்து. புத்தக மதிப்பைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் விலை போனால் டிவிடெண்டுக்காக வாங்குவதில் அர்த்தமில்லை என்பது எங்கள் கருத்து.

டிவிடெண்ட் குறையவும் செய்யும். பவர் கிரிட் 2023–24க்கு ஒரு பங்குக்கு ₹11.25 கொடுத்தது, 2024–25க்கு ₹9. இரண்டு ஆண்டும் லாபம் கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் ₹15,500 கோடி. புதுப் பணிகளுக்கான செலவு ஏறக்குறைய இரட்டிப்பானது, கை இறுகியது. இதை முன்கூட்டியே பார்க்க ஆண்டறிக்கையில் ரொக்க வரத்துப் (கேஷ் ஃப்ளோ) பக்கத்தைத் திறக்கவேண்டும். தொழிலில் வந்த ரொக்கத்திலிருந்து வட்டி, கடன் தவணை, புதுப் பணிச் செலவில் 30 சதவிகிதம் ஆகியவற்றைக் கழியுங்கள். 1,000 கோடி வந்து, வட்டி 250, தவணை 300, புதுப் பணிக்கு 500 என்றால் (அதில் 30 சதவிகிதம் 150) மிஞ்சுவது 300. டிவிடெண்ட் 400 கோடி கொடுத்திருந்தால் அந்த 100 கடன் வாங்கிக் கொடுத்தது. ஓர் ஆண்டு நடந்தால் பரவாயில்லை, மூன்று ஆண்டு தொடர்ந்தால் விலகி நில்லுங்கள்.

அதே அறிக்கையில் ‘முடிவுறாத மூலதனப் பணி’ என்ற வரியையும் பாருங்கள். வேலை முடிந்து இயங்கத் தொடங்கும்வரை அதற்கு லாபம் கிடையாது. என்எச்பிசியின் 2,000 மெகாவாட் சுபன்சிரி திட்டம் 2011 கடைசியிலிருந்து 2019 வரை நின்றே கிடந்தது. தாமதத்துக்கு நிறுவனமே காரணம் என்று ஆணையம் கருதினால் கூடுதல் செலவைக் கட்டணத்தில் சேர்க்கவும் விடாது. மின்வாரியங்கள் தரவேண்டிய பாக்கி எத்தனை நாள் நிற்கிறது என்பது அடுத்தது. ஆணையம் கணக்கில் கொள்வது 45 நாள். 100 நாளைத் தாண்டினால் லாபம் தாளில்தான் இருக்கிறது. பழைய கட்டண உத்தரவுகளால் ஒரே ஆண்டில் வந்த நிலுவைத் தொகை லாபத்தில் கலந்திருந்தால் அதையும் கழித்துவிடுங்கள்.

இணையத்தில் காட்டும் பழைய டிவிடெண்டை போனஸுக்குத் திருத்திப் பாருங்கள். பவர் கிரிட் 2021இலும் 2023இலும் மூன்று பங்குக்கு ஒரு பங்கு இலவசமாக, அதாவது போனஸாகத் தந்தது. திருத்தாமல் பார்த்தால் டிவிடெண்ட் சரிந்ததுபோல் தெரியும்.

மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் லாபத்தில் 30% அல்லது நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மிஞ்சுவதில்) 4%, எது கூடுதலோ அதையாவது டிவிடெண்டாகத் தரவேண்டும் என்று அரசு 2024 நவம்பரில் வழிகாட்டியிருக்கிறது. இது அடிமட்டம் மட்டுமே. புது மின்பாதைகள் பலவும் இப்போது ஏலத்தில்தான் கிடைக்கின்றன. அங்கே 15% உறுதி இல்லை, குறைத்துக் கேட்டவருக்கே வேலை. தற்போதைய கட்டண விதிகள் 2029 மார்ச்சுடன் முடிகின்றன. சென்ற முறை புது விதிகளுக்கு முன்னோட்டமான ஆணையத்தின் அணுகுமுறை அறிக்கை ஏறக்குறைய பத்து மாதம் முன்பே, 2023 மே மாதம் வந்தது. 2028 நடுவிலிருந்து அதைக் கவனியுங்கள்.

டிவிடெண்ட் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு ₹10,000க்கு மேல் வந்தால் 10% பிடித்துக்கொண்டு அனுப்புவார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்றால் பங்குப் பதிவாளரிடம் சுய உறுதிமொழிப் படிவத்தை முன்பே கொடுங்கள். டீமேட் கணக்கில் உள்ள வங்கி விவரம் பழையதாக இருந்தால் பணம் திரும்பிப் போய்விடும். ஏழு ஆண்டு கோரப்படாமல் கிடந்தால் டிவிடெண்டும், தொடர்ந்து கோராவிட்டால் பங்குகளும் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும்.