எந்த உப்பைச் சோதித்தாலும் வெள்ளை வீழ்படிவா?

கேள்வி: உப்புப் பகுப்பாய்வில் குளோரைடுக்காகச் சில்வர் நைட்ரேட் விட்டாலும் வெள்ளை வீழ்படிவு (கரையாமல் படியும் திடப்பொருள்), சல்பேட்டுக்காகப் பேரியம் குளோரைடு விட்டாலும் வெள்ளை. எல்லா உப்பிலும் குளோரைடும் சல்பேட்டும் இருப்பதாகவே வருகிறது. அமிலமும் இரண்டு சொட்டு சேர்க்கத்தான் செய்கிறேன். எங்கே தவறு?

பதில்: அந்த இரண்டு சொட்டில்தான். உப்பைச் சோடியம் கார்பனேட்டுடன் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றைத்தானே சோதிக்கிறீர்கள்? அதில் மிஞ்சியிருக்கும் கார்பனேட் உப்பிலிருந்து வந்ததல்ல, நீங்களே போட்டது. அது சில்வரோடும் வீழ்படிவு தரும், பேரியத்தோடும் தரும். அதை முழுவதும் நீக்கத்தான் அமிலம்; இரண்டு சொட்டு அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நுரைத்துப் பொங்குவது முற்றிலும் அடங்கும்வரை நீர்த்த அமிலத்தைச் சிறிது சிறிதாக விடுங்கள். பிறகு நீல லிட்மஸ் சிவப்பாகிறதா என்று பாருங்கள். லிட்மஸைத் தவிர்ப்பவர்கள்தான் பெரும்பாலும் இந்தக் குழியில் விழுகிறார்கள்.

எந்த அமிலம் என்பதும் முக்கியம். சில்வர் நைட்ரேட்டுக்கு முன் நைட்ரிக் அமிலம் மட்டுமே; ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் தேடும் குளோரைடை நாமே ஊற்றியதாகிவிடும். பேரியம் குளோரைடுக்கு முன் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அடர் அமிலம் வேண்டாம்: குளோரைடு அயனி மிகுந்தால் பேரியம் குளோரைடே வெள்ளையாகப் படிந்து ஏமாற்றும். சந்தேகம் வந்தால் தண்ணீர் சேர்த்துப் பாருங்கள். அது கரைந்துவிடும், பேரியம் சல்பேட் கரையாது.

சில்வர் வீழ்படிவு வந்தபின் அம்மோனியா சோதனையையும் செய்யுங்கள். வெள்ளை சில்வர் குளோரைடு நீர்த்த அம்மோனியாவிலேயே கரையும். வெளிர்மஞ்சள் புரோமைடுக்கு அடர் அம்மோனியா தேவை. மஞ்சள் அயோடைடு இந்த இரண்டிலும் அசையாது. புரோமைடையும் அயோடைடையும் கண்ணால் மட்டும் பிரிப்பதை, குறிப்பாக மங்கிய வெளிச்சத்தில், நான் நம்புவதில்லை.

இன்னொன்று: உப்பே சேர்க்காமல் சோடியம் கார்பனேட்டும் காய்ச்சி வடித்த நீரும் மட்டும் எடுத்து இதே சோதனைகளை ஒருமுறை செய்யுங்கள். அதிலும் கலங்கினால் குற்றவாளி உங்கள் வினைப்பொருள், அல்லது குழாய்த் தண்ணீரில் கழுவிய சோதனைக் குழாய். குழாய்த் தண்ணீரில் பொதுவாகக் குளோரைடு உண்டு.

பேரியம் குளோரைடு நச்சு. வாயால் பிப்பெட்டில் உறிஞ்சாதீர்கள். அம்மோனியா சேர்த்த சில்வர் கரைசலை நாளைக்கு என்று வைக்காதீர்கள். நின்றால் வெடிக்கக்கூடிய பொருள் அதில் உருவாகலாம். அன்றே நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கி, சில்வர் கழிவுக்கான புட்டியில் ஊற்றிவிடுங்கள்.