பாரீஸ்–ரூபே சைக்கிள் பந்தயம்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: சார், பெயரில் பாரீஸ் இருக்கிறது. ஆனால் அங்கே தொடங்குவதில்லையாமே?

ப: பழைய நாளில் பாரீஸ்தான். 1977 முதல் கோம்பியேன் ஊரில் கிளம்புகிறார்கள். ரூபே வரை சுமார் 260 கி.மீ., அதில் 55 கி.மீ. போல கருங்கல் பாவிய பாதை.

கே: யார் ஆரம்பித்தது?

ப: ரூபே நெசவாலை ஊர். ஆலை முதலாளிகள் இருவர், தியோடோர் வியென், மொரீஸ் பெரெஸ், 1895இல் அங்கே சைக்கிள் பந்தயத் திடல் கட்டினார்கள். திடலுக்குப் பெயர் கிடைக்க வேண்டுமே! அதற்காக 1896இல் வைத்த போட்டிதான் இது. முதலில் ஜெயித்தவர் ஜெர்மனியின் யோசெஃப் ஃபிஷர்.

கே: இந்தப் பந்தயத்தை ‘வடக்கின் நரகம்’ என்கிறார்களே, அது கல் பாதையால்தானே?

ப: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் முதல் உலகப் போர் தந்த பெயர். 1919இல் பாதை தேறுமா என்று பார்க்கப் போனவர்கள் கண்டது குண்டு விழுந்த பள்ளங்களும் கருகிய மரங்களும்தான்.

கே: வழியில் வரும் அரன்பெர்க் காட்டுப் பாதையில் மட்டும் ஏன் இத்தனை பேர் விழுகிறார்கள்?

ப: இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நேர்கோடு. நுழையும்போதே அசுர வேகம். கற்கள் ஒன்று துருத்தும், ஒன்று அமுங்கியிருக்கும், நடுவில் பாசி. 1968இல் இதைச் சேர்க்க யோசனை சொன்ன சைக்கிள் வீரர் ஜான் ஸ்டாப்லின்ஸ்கி, அதே காட்டுக்கு அடியில் சுரங்க வேலை பார்த்தவர்! 1998இல் பெல்ஜிய வீரர் யோஹான் முஸேயூ இங்கே விழுந்து முழங்கால் சிப்பி நொறுங்கியது. புண் அழுகி, காலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்ற நிலை. 2000இல் ஜெயித்தபோது முடிவுக் கோட்டைத் தாண்டிக்கொண்டே அந்தக் காலைத் தூக்கி முழங்காலைக் காட்டினார். எனக்கு இந்தப் பந்தயம் என்றாலே அந்தக் கால்தான்.

கே: அண்ணா, நான் 25 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று அடிக்கிறேன். அவர்கள்?

ப: அங்கே அப்படிப் போனால் பல் ஆடிவிடும் தம்பி. இப்போது 30, 32 மி.மீ. அகலம், ட்யூப் கிடையாது, காற்றும் நீங்கள் அடிப்பதில் பாதி போலத்தான்.

கே: பெண்களுக்கு?

ப: 2021இல்தான் வந்தது, ரொம்பத் தாமதம். பிரிட்டன் வீராங்கனை லிசி டீக்னன் 80 கி.மீ.க்கு மேல் தனியாக ஓட்டி ஜெயித்தார். கையுறை போடவில்லை, கைப்பிடி டேப்பில் ரத்தக்கறை.

கே: பரிசு கல்லாமே?

ப: ஆமாம், பாதையில் கிடக்கும் அதே கருங்கல், பீடத்தில் ஏற்றித் தருவார்கள். அந்தப் பாதைகளைத் தார் போட்டு மூடிவிடாமல் காப்பதற்கே ஒரு தன்னார்வலர் சங்கம் இருக்கிறது. அப்புறம், சமீப ஆண்டுகளில் அரன்பெர்க்கில் கல் இடுக்குப் புல்லை மேய ஆடுகளையும் விட்டார்கள்.