தென்னையில கருந்தலைப்புழு: ஒட்டுண்ணி விட்டும் கேக்கலையே, மருந்து அடிக்கலாமா?

கேள்வி: பேராவூரணி பக்கம் 2 ஏக்கர் தென்னை, எல்லாம் கஜா புயலுக்கு அப்புறம் வச்ச கன்னு. அடிமட்டை பூரா தீ வச்ச மாதிரி காஞ்சு நிக்குது, கருந்தலைப்புழுன்னு சொல்லி அதை அழிக்கிற ஒட்டுண்ணிக் குளவி வாங்கி ரெண்டு தடவை ஏணி போட்டு கொண்டையில விட்டேன், ஒண்ணும் கேக்கல. வேர்ல மருந்து கட்டிறலாமா?

பதில்: அண்ணே, மருந்து வேணாம், கொஞ்சம் பொறுங்க. நீங்க விட்ட குளவில குறையில்ல, விட்ட இடம்தான் தப்பாயிருச்சு. கொண்டையில சிலந்தி, ரிடுவிட் நாவாய்ப்பூச்சி எல்லாம் குடியிருக்கும், அதுங்க கண்ணுல பட்டா இந்த பொடிக் குளவி தப்பாது. இனிமே ஏணியே வேணாம், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மரத்தடியில நின்னு குப்பியத் திறந்து விட்டாப் போதும், அதுவே மேல போயி புழுவத் தேடிக்கும்.

அடுத்தது, எந்தப் பருவத்துப் புழு இருக்குன்னு பாத்தீங்களா? இதுதான் முக்கியம். நல்லா தீஞ்ச அடிமட்டை ஒண்ண வெட்டி ஓலைய திருப்புங்க, அடிப்பக்கம் நூலும் புழுக்கையும் சேத்து கட்டுன பழுப்பு கலர் சுரங்கம் இருக்கும், அதக் குச்சியால மெதுவா கீறிப் பாருங்க. உள்ள கருப்புத் தலையோட வெளிர் பச்சைப் புழு துள்ளி ஓடுச்சுன்னா அது நல்லா இருக்குற புழு. ஆனா சில சுரங்கத்துல புழு அசையாம கிடக்கும், முதுகுல பொடிப்பொடியா வெள்ளப் புழுக்கள் வரிசையா ஒட்டியிருக்கும், பக்கத்துலயே கருப்பு எறும்பு மாதிரி ஒண்ணு உக்காந்திருக்கும். எறும்புன்னு நசுக்கிறாதீங்க, அதுதான் கோனியோசஸ், பெத்திலிட் குடும்பத்து ஒட்டுண்ணிக் குளவி! புழுவக் கொட்டி மயக்கி, அது மேல முட்டை வச்சு, பிள்ளைங்க தின்னு வளர்ற வரைக்கும் கூடவே இருந்து காவல் காக்குற தாய் அது. நான் முதல்முதலா லென்ஸ் வச்சுப் பாத்தப்ப அரை மணி நேரம் எந்திரிக்கவே இல்ல. இப்படிப்பட்ட மட்டைய எரிக்காதீங்க, தோப்புலயே விட்டு வைங்க.

கோனியோசஸுக்கு நடுத்தர சைஸ் புழு வேணும், அதாவது புழு வளர்ச்சியில ரெண்டாம் மூணாம் பருவம். நீங்க விட்ட நேரத்துல தோப்புல பூரா கூட்டுப்புழுவா இருந்திருந்தா அது என்ன பண்ணும் பாவம், முட்டை வைக்க எடமே இல்ல. கூட்டுப்புழுவுக்கு பிராக்கிமீரியான்னு வேற குளவி இருக்கு. கோனியோசஸ் ஏக்கருக்கு 1200 கணக்கு (ஹெக்டேருக்கு 3000), 70 மரம்னா மரத்துக்கு 17 சொச்சம் வரும். ஒரு தடவையோட நிறுத்தாம விட்டு விட்டு விடணும், ஜனவரியிலயே ஆரம்பிச்சிட்டா கோடையில புழு பெருகாது. இன்னொண்ணு, புழு முட்டையிலருந்து அந்துப்பூச்சியாக ரெண்டு மாசம் கிட்ட ஆகும், குளவிக்கு ரெண்டு வாரம் போதும், அதனால சரியாப் புடிச்சிருச்சுன்னா நம்ம பக்கம்தான் வேகம். வேளாண்மைத் துறையோட ஒட்டுண்ணி உற்பத்தி மையத்துல அரிசி அந்துப்பூச்சி புழுவுல வச்சு வளக்குறாங்க, முன்கூட்டியே சொல்லி வச்சு வாங்குங்க, குப்பியில தேன் தொட்ட பஞ்சு இருக்கான்னு பாருங்க, பட்டினி கிடந்த குளவி சரியா வேலை செய்யாது.

வேர்ல கட்டுற பழைய மருந்து மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்எல்லுக்கு 2023-லயே தடை வந்தாச்சு, அத விடுங்க. ஆனா எனக்கு அதவிட கவலை வெள்ளை ஈக்குன்னு கண்ட மருந்தையும் அடிக்கிறது, ஏன்னா அதுல இந்தக் குளவியும் சாகும், வெள்ளை ஈயத் தின்னுற என்கார்சியாங்குற பொடிக் குளவியும் சேந்து சாகும். நீங்க அடிச்சிருந்தா மூணு வாரம் கழிச்சுதான் ஒட்டுண்ணி விடணும். பக்கத்துத் தோப்புக்காரங்ககிட்டயும் சொல்லி ஒண்ணா விடுங்க, இல்லேன்னா அங்கருந்து அந்துப்பூச்சி பறந்து வந்துக்கிட்டேதான் இருக்கும்.

நாளைக்கு அஞ்சாறு மரத்துல மட்டைக்கு பத்து சுரங்கம் கீறிப் பாத்து, சின்னது எத்தனை, நடுத்தரம் எத்தனை, கூட்டுப்புழு எத்தனைன்னு எழுதி போட்டோவோட அனுப்புங்கண்ணே, எந்த வாரம் விடணும்னு பாத்து சொல்றேன்.