கம்பெனிகளுக்கு எத்திக்ஸ் எதுக்கு, லாபம் வந்தா பத்தாதா?

கேள்வி கேட்டவர் கீழயே ஒரு விளக்கமும் போட்டிருக்கார். நேர்மையா இருந்தா வியாபாரத்துல நஷ்டம்தான், அப்புறம் ஏன் எல்லாக் கம்பெனியும் வெப்சைட்ல ‘எங்கள் நெறிமுறைகள்’னு ஒரு பக்கம் வச்சிருக்கு, அதனால கம்பெனிக்கும் கஸ்டமருக்கும் என்ன பிரயோஜனம்னு கேக்கறார்.

அந்தப் பக்கத்தால பிரயோஜனம் ஒண்ணும் கிடையாது, அதை மொதல்லயே சொல்லிடறேன். ஒரு கம்பெனியோட லட்சணம் தெரியணும்னா கவுன்டர்ல உக்காந்திருக்கற ஆளுக்கு எதுக்கு இன்சென்டிவ் தர்றாங்க, எது நடக்கலைன்னா அவருக்குத் திட்டு விழுதுன்னு பாருங்க, போதும்.

நான் ஒரு பிரைவேட் பேங்க்ல கொஞ்ச வருஷம் ஆபரேஷன்ஸ்ல இருந்தவன், பேர் வேண்டாம், தென் மாவட்டத்துல ஒரு கிளை. ஆபரேஷன்ஸ்னா கேஷ், கிளியரிங், லாக்கர், கேஒய்சி இதெல்லாம்தான், எனக்கு எதையும் விக்கிற டார்கெட் கிடையாது, ஆனா விக்கிறவங்க எல்லாம் எனக்குப் பக்கத்து சீட்டு, அதனால காதுல விழாம இருக்காது. காலைல கிளை தொறக்கறதுக்கு முன்னாடியே கிளஸ்டர் ஹெட்டோட (பல கிளைகளுக்கு மேல இருக்கற அதிகாரி) கான்-கால் வந்துரும், “இன்னிக்கு எத்தனை லாகின்?” இதான் கேள்வி. லாகின்னா இன்சூரன்ஸ் அப்ளிகேஷனை சிஸ்டத்துல ஏத்தறது. சாயங்காலம் திரும்ப ஒரு கால். மாசக் கடைசின்னா மத்தியானமும் உண்டு, மார்ச் மாசம் பத்தி பேசவே வேண்டாம். அந்த கால் எதுலயும் கஸ்டமருக்கு அந்த பாலிசி தேவையான்னு ஒருத்தர் கேட்டு நான் கேட்டதில்ல.

எங்க கிளை ஆர்.எம். (ரிலேஷன்ஷிப் மேனேஜர், கஸ்டமர்கிட்ட பேசி விக்கிறவர்) சின்னப் பையன், எம்பிஏ முடிச்ச கையோட வந்தவன், வயசானவங்க யார் வந்தாலும் எழுந்து போய் கூட்டிட்டு வந்து உக்கார வைப்பான், குணத்துல ஒரு குறை சொல்ல முடியாது. அவன்தான் ஒரு ரிட்டையர்டு டீச்சரம்மா எஃப்.டி. முடிஞ்சு வந்தப்போ “அம்மா, திரும்ப எஃப்.டி. போட்டா வட்டி கம்மிம்மா, அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, அஞ்சு வருஷத்துல எடுத்துக்கலாம், இன்சூரன்சும் கூடவே வந்துரும்”னு சொல்லி, அவங்களுக்கு வயசு அதிகம்னு மகன் பேர்ல ஒரு பாலிசியைப் போட்டுவிட்டான். வெரிஃபிகேஷன் கால் வரும்ல, அதுக்கும் முன்னாடியே சொல்லி வச்சாச்சு, “கம்பெனில இருந்து போன் வரும்மா, எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிருங்க, இல்லேன்னா ப்ராசஸ் நின்னுரும்.” அவங்களும் ஆமான்னுட்டாங்க. அடுத்த வருஷம் பிரீமியம் கட்டச் சொல்லி மெசேஜ் வந்தப்பதான் பாஸ்புக்கைத் தூக்கிட்டு வந்து என் சீட்டுக்கு முன்னாடி நின்னாங்க, “நான் எஃப்.டி.தானே தம்பி போட்டேன்?” பையன் அதுக்குள்ள வேற பேங்குக்குப் போயாச்சு. பேப்பர்ல எல்லாம் அவங்க கையெழுத்து, ரெக்கார்டிங்ல அவங்க குரல். அப்போ இருந்த விதிப்படி மொத வருஷம் மட்டும் கட்டிட்டு நிறுத்தினா அந்த மாதிரி பாலிசில கையில ஒண்ணும் வராது, ஒரு வருஷம் கட்டியிருந்தாலே ஏதாவது திரும்பக் கிடைக்கணும்ங்கற மாற்றம் 2024 அக்டோபர்லதான் வந்துச்சு.

அந்தப் பையனை நல்லவனா கெட்டவனான்னு கேட்டா நமக்கு விடையே கிடைக்காது. கேக்க வேண்டியது, அவன் அன்னைக்கு உண்மையைச் சொல்லி அந்தம்மாவை எஃப்.டி.லயே போட விட்டிருந்தா சாயங்கால கால்ல அவனுக்கு என்ன நடந்திருக்கும்ங்கறதுதான். ரெண்டு மாசம் நம்பர் வரலைன்னா நோட்டீஸ், மூணாவது மாசம் நீயே பேப்பர் போட்டுருன்னு மறைமுகமா சொல்லிருவாங்க. இந்த இடத்துல எத்திக்ஸ் ட்ரெயினிங் கிளாஸ் வச்சு ஒண்ணும் ஆகாது. ஆன்லைன்ல அந்த டெஸ்ட்டும் நாங்க எல்லாரும் எழுதினோம், எல்லாரும் பாஸ், அவனும்தான்.

இதையே பெரிய சைஸ்ல பாக்கணும்னா அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ பேங்க் கதை இருக்கு. 2008 நிதி நெருக்கடில மத்த பேங்க்லாம் பேர் கெட்டுப் போனப்போ இவங்க மட்டும் ஒழுக்கமான பேங்க்னு பேர் வாங்கினவங்க. இவங்களுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு, ஒவ்வொரு கஸ்டமருக்கும் எட்டு ப்ராடக்ட் வித்துரணும், சேவிங்ஸ், செக்கிங், கார்டு, லோன்னு சேத்து எட்டு. ஏன் எட்டுன்னா இங்கிலீஷ்ல ‘எய்ட்’டும் ‘கிரேட்’டும் எதுகை சேருதாம், நெஜமாவே அதான் ஸ்லோகன். ஒரு சாதாரண குடும்பத்துக்கு எட்டு பேங்க் ப்ராடக்ட் எதுக்கு? தேவையில்லாததால நேர்மையா விக்கவும் முடியல, விக்க முடியாததால கிளை ஊழியர்கள் கஸ்டமருக்கே தெரியாம கணக்கு தொறக்க ஆரம்பிச்சாங்க, போலி இமெயில் போட்டு, ஒரு கணக்குல இருந்து இன்னொண்ணுக்குப் பணத்தை மாத்திக் காட்டி, கேக்காத கிரெடிட் கார்டை எல்லாம் எடுத்து. 2013 டிசம்பர்லயே லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகை இதை எழுதிருச்சு, அப்புறமும் டார்கெட் அப்படியேதான் இருந்துச்சு. 2016 செப்டம்பர்ல அரசாங்க அமைப்புகள் 18.5 கோடி டாலர் அபராதம் போட்டப்போ பேங்க் சொன்ன பதில், தப்பு பண்ண 5,300 பேரை ஏற்கனவே வேலையை விட்டு எடுத்துட்டோம்னு. 5,300 பேர்! ஒரு கிளைல ஒருத்தர் திருடினா அவர் திருடர், 5,300 பேர் ஒரே திருட்டைப் பண்ணியிருந்தா அதுக்கு வேற எங்கயோ மேல ஒருத்தர் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கணும்ல. செனட் விசாரணைல சிஇஓ ஜான் ஸ்டம்ஃபை செனட்டர் எலிசபெத் வாரன் பிடிச்சு உலுக்கினது இதுக்குத்தான், அடுத்த மாசமே அவர் ராஜினாமா.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச (புடிச்சன்னு சொல்லலாமான்னு தெரியல) விஷயம், இந்த மோசடியால பேங்குக்கு நேரடியா வந்த பணம். கஸ்டமருக்குத் திருப்பிக் கொடுக்கணும்னு மொதல்ல எடுத்த ஃபீஸ் கணக்கு சுமார் 26 லட்சம் டாலர், அவ்வளவுதான், அந்த சைஸ் பேங்குக்கு அது டீ செலவு. அப்புறம் எதுக்கு இவ்வளவு அழுத்தம்னா, ‘ஒரு குடும்பத்துக்கு எங்க ப்ராடக்ட் சராசரியா ஆறுக்கு மேல’ன்னு ஷேர் மார்க்கெட்டுக்குக் காட்டிக்கிட்டே இருந்தாங்க, அந்த நம்பர் ஏறணும், அதுக்காகத்தான் எல்லாம். பின்னாடி சந்தேகக் கணக்கு 35 லட்சம் வரைக்கும் போச்சு, 2018ல அமெரிக்க மத்திய வங்கி இவங்க சொத்து 1.95 லட்சம் கோடி டாலரைத் தாண்டக்கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டுச்சு, 2020ல 300 கோடி டாலர் கட்டி வழக்கை முடிச்சாங்க, அந்த வளர்ச்சிக் கட்டுப்பாடு விலகினது 2025 ஜூன்லதான். ஏழு வருஷத்துக்கு மேல வளர விடாம கட்டிப் போட்டதுதான் அபராதத்தைவிடப் பெரிய அடின்னு நான் நினைக்கறேன், அந்த ஏழு வருஷமும் போட்டி பேங்குக எல்லாம் ஏறிக்கிட்டே இருந்தாங்க.

சரி, அப்போ ‘நேர்மைதான் லாபம்’னு முடிச்சுரலாமான்னா, மாட்டேன். மேனேஜ்மென்ட் பேச்சாளருங்க அப்படிச் சொல்வாங்க, பாதிதான் உண்மை. வெல்ஸ் ஃபார்கோ இன்னைக்கும் அமெரிக்காவோட பெரிய பேங்குகள்ல ஒண்ணு. மாட்டாமலே போன கம்பெனிக எத்தனையோ. மாட்டினாலும் அடி விழற வரிசை இருக்கே, அதான் அநியாயம், மொதல்ல கஸ்டமர், அடுத்து அந்த 5,300 பேர் மாதிரி கீழ்மட்ட ஆளுக, கடைசியா, ரொம்ப லேட்டா, மேல இருக்கறவங்க. ஸ்டம்ஃபுக்கு பேங்கிங் தொழிலுக்கே தடையும் 1.75 கோடி டாலர் அபராதமும் வந்தது 2020ல, ரீட்டெய்ல் பிரிவுத் தலைவியா இருந்த கேரி டோல்ஸ்டெட்டுக்கு 2023ல தண்டனை, அதுவும் ஜெயில் கிடையாது, நன்னடத்தைக் கண்காணிப்பு.

அதனால கம்பெனிக்கு லாபமா இல்லையாங்கறதை வச்சு எத்திக்ஸை அளக்கறதே தப்புன்னு எனக்குத் தோணுது. கஸ்டமரால செக் பண்ண முடியுமாங்கறதை வச்சு அளக்கணும். தக்காளி வாங்கும்போது அமுக்கிப் பாத்து எடுக்கறோம், கடைக்காரர் ஏமாத்தினா அன்னைக்கு ராத்திரி குழம்புலயே தெரிஞ்சுரும், நாளைக்கு வேற கடை. இன்சூரன்ஸ் பாலிசி, மருந்து, கட்டி முடிச்ச வீட்டுக்குள்ள இருக்கற கம்பி, ஆடிட்டர் கையெழுத்து இதெல்லாம் அமுக்கிப் பாக்க முடியாது, ஏமாந்தது தெரியறதுக்கே அஞ்சு பத்து வருஷம் ஆகும். அந்த மாதிரி தொழில்ல விக்கறவரோட நேர்மையும் நீங்க வாங்கற பொருளுக்குள்ளயே சேர்ந்ததுதான், அது இல்லேன்னா பாதிப் பொருள்தான் வாங்கியிருக்கீங்க.

நம்ம ஊர்லயே யெஸ் பேங்க் பாண்டு விவகாரம் நடந்துச்சு. 2020 மார்ச்ல பேங்க் தடுமாறினப்போ ஏடி-1 பாண்டுல (பேங்க் நெருக்கடில மாட்டினா போட்ட பணமே போயிரக்கூடிய கடன் பத்திரம்) இருந்த சுமார் 8,415 கோடி ரூபாயை ஒரே அடியா ரைட்-ஆஃப் பண்ணாங்க, அதாவது போட்டவங்களுக்குத் திரும்பக் கிடையாதுன்னுட்டாங்க. பெரிய நிறுவனங்க போட்ட பணம் அதிகம், ஆனா 1,300க்கும் மேல தனி ஆட்களும் அதுல இருந்தாங்க. இந்த பாண்டை அவங்ககிட்ட ‘சூப்பர் எஃப்.டி.’ன்னு சொல்லித் தள்ளியிருக்காங்கன்னு 2021ல பங்குச்சந்தையைக் கண்காணிக்கற செபி உத்தரவு போட்டு 25 கோடி அபராதம் விதிச்சுது. அப்புறம் மேல்முறையீடு, கோர்ட்டுன்னு அது தனிக் கதை. எனக்கு அந்த உத்தரவைப் பத்திப் படிச்சப்போ ‘எஃப்.டி.’ங்கற அந்த வார்த்தைலயே கண்ணு நின்னுருச்சு. எந்த கிளையா இருந்தாலும் ஆபத்தான பொருளை விக்க அந்தப் பேரைத்தான் கடன் வாங்கறாங்க, ஏன்னா நம்ம ஆளுக நம்பற ஒரே பேர் அதான். 2024ல நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே பேங்க்காரங்க மேடைலயே இன்சூரன்ஸைத் தப்பா விக்காதீங்க, உங்க அசல் தொழிலைப் பாருங்கன்னு சொன்னாங்க.

ஒரு கம்பெனி நெஜமாவே திருந்தணும்னு நினைச்சா அளக்கற நம்பரை மாத்தணும். வெல்ஸ் ஃபார்கோவே 2016 அக்டோபர்ல கிளைகள்ல ப்ராடக்ட் டார்கெட்டைத் தூக்கிருச்சு, அதாவது தூக்க முடியும், தூக்கினா பேங்க் ஒண்ணும் இடிஞ்சு விழுந்துராது. லைஃப் இன்சூரன்ஸ்ல ஏற்கனவே ஒரு நல்ல நம்பர் இருக்கு, 13ஆம் மாச பெர்சிஸ்டென்சின்னு பேர், அதாவது பாலிசி எடுத்தவங்கள்ல எத்தனை பேர் ரெண்டாவது வருஷமும் பிரீமியம் கட்டறாங்கங்கற கணக்கு. புரிஞ்சு எடுத்தவன் தொடர்ந்து கட்டுவான், டீச்சரம்மா மாதிரி மாட்டினவங்க நிறுத்திருவாங்க. ஆர்.எம்.மோட இன்சென்டிவை லாகின்ல இருந்து புடுங்கி இந்த நம்பர்ல கட்டிப் பாருங்க, எத்திக்ஸ் கிளாஸே எடுக்க வேண்டாம். இந்தக் கணக்கை ஒவ்வொரு கம்பெனியும் வெப்சைட்ல பப்ளிக் டிஸ்க்ளோஷர்ங்கற இடத்துல போட்டாகணும், பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடி 13ஆம் மாசமும் 61ஆம் மாசமும் (அஞ்சு வருஷம் முடிஞ்சப்புறம்) எவ்வளவுன்னு பாத்துக்கங்க, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு பேர் ஓடியிருக்காங்கன்னு தெரியும்.

கஸ்டமர் பக்கம் இன்னும் கொஞ்சம். லாக்கர் வேணும்னா பாலிசி எடுத்தே ஆகணும்னு யாராவது சொன்னா எழுத்துல கேளுங்க, தர மாட்டாங்க, ஏன்னா ரிசர்வ் பேங்க் விதில மூணு வருஷ வாடகையும் லாக்கரை உடைக்கற செலவும் வர்ற அளவுக்கு ஒரு டெபாசிட் கேக்கலாம்னுதான் இருக்கு, பாலிசி எங்கயும் கிடையாது. வெரிஃபிகேஷன் கால் வந்தா ‘எத்தனை வருஷம் கட்டணும், நடுவுல நிறுத்தினா எவ்வளவு வரும்’னு நீங்க திருப்பிக் கேளுங்க, அந்த ரெக்கார்டிங் பின்னாடி உங்களுக்கு சாதகமா நிக்கும். பாலிசி பத்திரம் கைக்கு வந்ததுல இருந்து 30 நாள் ஃப்ரீ-லுக் இருக்கு, புடிக்கலைன்னா சின்னப் பிடித்தம் போக பணம் திரும்ப வரும், அதனால பத்திரத்தைப் பிரிக்காம பீரோல வைக்காதீங்க. ஏற்கனவே மாட்டியிருந்தா மொதல்ல பேங்குக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல புகார், 30 நாள்ல பதில் இல்லேன்னாலோ பதில் சரியில்லேன்னாலோ பேங்க் மேல ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மன் (புகாரை விசாரிச்சுத் தீர்த்து வைக்கற அதிகாரி), பாலிசிக்கு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், நம்ம மாநிலத்துக்கு ஆபீஸ் சென்னைல இருக்கு. ரெண்டுக்கும் பைசா செலவில்ல, வக்கீலும் வேண்டாம்.